‘காதுல குரல் கேக்குதா?’: மனநல மருத்துவத்தில் பயிற்சி மருத்துவர்களைச் சோதிப்பது எப்படி

மனநல வார்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தவறாமல் வரும் கேள்வி, “ஹாலுசினேஷன் என்றால் என்ன?” மாணவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: வெளித்தூண்டுதல் இல்லாமல் உண்டாகும் புலன் உணர்வு. வரையறை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே மாணவரை அடுத்த கட்டிலுக்கு அழைத்துப் போய், இவருக்கு அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் என்றால், “காதுல குரல் கேக்குதா?” என்று ஆரம்பிப்பார். “நல்லாக் கேக்குது டாக்டர்” என்று பதில் வரும். காது சரியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள் என நோயாளி நினைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் ‘மாயக்குரல் உண்டு’ என்று ஏறிவிடும். அதை நம்பி மாத்திரையும் ஏறும்.

வரையறை தெரிவதற்கும் அந்த அறிகுறியை ஒரு மனிதரிடம் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளப்பதுதான் மனநல மருத்துவத் தேர்வின் வேலை. ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாட வேலையில் செய்கிறார். எம்.சி.கியூ.வும் (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வது) எழுத்துத் தேர்வும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். மற்ற துறைகளில் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஸ்டெதஸ்கோப்பும் ஸ்கேனும் கொஞ்சம் ஈடுகட்டும். இங்கே கருவி என்பது கேள்வி மட்டும்தான். கேள்வி பிசகினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே பிசகும்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு மனநல மருத்துவத்தில் தனியாகத் தேர்ச்சி பெறவேண்டிய கட்டாயம் இல்லை. பொது மருத்துவத் தாளின் ஒரு பிரிவாக, தோல் மருத்துவத்தோடு சேர்ந்து வந்துபோகும். அதன்பின் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) காலத்தில் 2 வாரப் போஸ்டிங். பிறகு அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுகிறார். பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவரையும், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் பிதற்றுபவரையும், ஊசி போட்டபின் கழுத்து கோணிக்கொண்ட இளைஞரையும் முதலில் பார்க்கப்போகிறவர் அவர்தான். எனவே ஹவுஸ் சர்ஜனைச் சோதிக்க நோய்ப் பட்டியல் முழுவதும் தேவையில்லை. தற்கொலை ஆபத்தை மதிப்பிடுவது, மது விலகல் (குடியை நிறுத்தியதும் வரும் தொந்தரவு), டெலிரியம் (திடீரென வரும் நினைவுக் குழப்பம்), மருந்தால் வரும் கடும் தசை இறுக்கம், முதல்முறை வரும் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை), பிரசவத்துக்குப் பின் வரும் மனக்குழப்பம் ஆகிய ஆறும் வேண்டும். எப்போது தாமதிக்காமல் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதும் வேண்டும். இவற்றை உறுதியாகச் சோதித்தாலே பல உயிர்கள் தப்பும். எம்.டி. மாணவருக்குத்தான் பரப்பை விரிக்கவேண்டும்.

கேள்வியின் தமிழ்

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளி தமிழில் பேசுகிறார். மொழிபெயர்ப்பு மாணவரின் தலைக்குள் அவசரமாக நடக்கிறது. தேர்வில் சோதிக்க இதைவிடச் செழிப்பான இடம் கிடையாது.

மாயக்குரலுக்கான கேள்வியை இப்படிக் கட்டலாம். “பக்கத்துல யாருமே இல்லாதப்ப யாராவது பேசுற சத்தம் கேக்குதா?” ஆம் என்றால் அடுத்தது: “நான் இப்ப பேசுறது கேக்குதே, அது மாதிரி வெளியில இருந்து கேக்குதா, இல்ல மனசுக்குள்ளயே ஓடுதா?” பிறகு ஒருவர் குரலா, பல பேர் குரலா? உங்களிடம் பேசுகிறதா, உங்களைப் பற்றி அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? தூங்கப் போகும்போது மட்டுமா, பகலில் முழித்திருக்கும்போதும் உண்டா? கடைசியாக, விடக்கூடாத கேள்வி: “அது ஏதாவது செய்யச் சொல்லுதா? சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” கட்டளையிடும் குரல் இருந்து, அதற்குக் கீழ்ப்படியவும் நோயாளி தயாராக இருந்தால் அன்றே பாதுகாப்பு ஏற்பாடு செய்யவேண்டும். மதிப்பெண் தாளில் இந்த ஒரு வரிக்கு மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு கொடுப்பது நியாயம்.

எண்ண ஒலிபரப்பு, அதாவது தன் நினைப்பு வெளியே மற்றவர்களுக்குக் கேட்கிறது என்ற நம்பிக்கை, இன்னும் வழுக்கும். “நீங்க நினைக்கிறது மத்தவங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டால் பாதிப் பேர் ஆம் என்பார்கள். அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், சாமிக்கு எல்லாம் தெரியும் என்ற பொருளில். “எப்படித் தெரியுது?” என்ற அடுத்த கேள்வியைக் கேட்டவருக்குத்தான் மதிப்பெண். முகத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள் என்றால் அது அறிகுறி அல்ல. நினைப்பு மண்டையை விட்டு வெளியே போய் தெரு முழுக்கக் கேட்கிறது என்றால் அறிகுறி.

செய்வினை, காத்து கருப்பு, சாமி இறங்குதல் ஆகியவற்றை மாணவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்கத் தனியாக ஒரு ஸ்டேஷனே (மாணவர் சில நிமிடத்தில் ஒரு வேலையைச் செய்து காட்டும் தேர்வு இடம்) வைக்கலாம். “பங்காளி செய்வினை வெச்சுட்டான்” என்றதும் ‘டெலூஷன்’ (நோயால் வரும் அசையாத பொய் நம்பிக்கை) என்று எழுதுவது ஒரு பிழை. இதெல்லாம் நம்பிக்கைதானே என்று கடந்துபோவது இன்னொரு பிழை. மூன்று விஷயங்களைத் தோண்டவேண்டும். வீட்டிலும் ஊரிலும் மற்றவர்களும் அப்படியே நம்புகிறார்களா? எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்? வேறு காரணம் இருக்கலாமோ என்று கேட்டால் யோசிக்கவாவது இடம் கொடுக்கிறாரா? தொழில் நொடித்தது, ஜோசியர் சொன்னார், வீட்டாரும் நம்புகிறார்கள் என்றால் ஒரு படம். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர் இருமியதிலிருந்து செய்வினையைத் தெரிந்துகொண்டார், அதைக் கேட்டு வீட்டாரே திகைக்கிறார்கள் என்றால் வேறு படம். கூடவே, மருத்துவமனைக்கு வருமுன் எங்கெல்லாம் போனார்கள் என்று கேட்கிறாரா, கேட்கும் தொனியில் ஏளனம் இல்லாமல் இருக்கிறதா என்றும் குறிக்கவேண்டும். மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் கோயிலுக்குப் போனோம், ஏர்வாடி தர்காவுக்குப் போனோம் என்பதைக் குடும்பம் தயங்கித் தயங்கித்தான் சொல்லும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். கட்டிவைக்கப்பட்டாரா, உடம்பில் தழும்பு உண்டா, அங்கே இருந்த நாட்களில் மாத்திரை நின்றுபோனதா என்று கேட்பது நோய் வரலாற்றின் பகுதி.

இன்னொன்று, எளிமையானதுதான், ஆனால் முழு உரையாடலையும் திருப்பிவிடும்: எப்படி அழைக்கிறார் என்பது. அறுபது வயது விவசாயியை “சொல்லுங்க ஐயா” என்று தொடங்குகிறவருக்கும், கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி “என்னப்பா பிரச்சனை?” என்பவருக்கும் கிடைக்கும் தகவலே வேறு.

நேராகக் கேட்கத் தெரிகிறதா?

தற்கொலை எண்ணத்தை விசாரிக்கும் ஸ்டேஷனில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். “தப்பான முடிவு எதுவும் எடுக்கணும்னு தோணலையே?” என்று கேட்பார்கள். இதில் இரண்டு கோளாறு. ‘தப்பான’ என்ற சொல் தீர்ப்பு சொல்லிவிட்டது. ‘தோணலையே’ என்ற முடிவு, இல்லை என்ற பதிலை நோயாளியின் வாயில் வைத்துவிட்டது. வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம்தான் இதற்குக் காரணம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை, கேட்காததால்தான் அது மறைந்தே இருக்கிறது. இதைப் பாடத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். தேர்வில் அளந்தால்தான் பழக்கமாகும்.

படிப்படியாக இறங்கும் கேள்வி வரிசை ஒன்று வேண்டும். “இவ்வளவு கஷ்டத்துல, வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு எப்பவாவது தோணியிருக்கா?” அதன்பின் “காலைல முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு?” அதன்பின், குரல் தாழாமல், “உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைச்சீங்களா?” ஆம் என்றால் எவ்வளவு நாளாக, ஒரு நாளில் எத்தனை முறை, கடைசியாக எப்போது, ஏதாவது திட்டம் உண்டா, ஏற்பாடு ஏதும் செய்தீர்களா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை தடுத்து நிறுத்தியது எது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மாணவர்கள் எழுதிக்கொள்வதே இல்லை. “சின்னவ இன்னும் ஸ்கூல் முடிக்கல” என்று ஒருவர் சொன்னால், அவரை உயிரோடு வைத்திருக்கும் கயிறு எது என்று நமக்குக் காட்டிவிட்டார்.

உறவினர் அறையில் இருக்கும்போதே இதைக் கேட்டால் மதிப்பெண் குறையவேண்டும். முதலில் அவர்களைப் பணிவாக வெளியே இருக்கச் சொல்லவேண்டும். விசாரித்து முடித்தபின், நோயாளியிடம் சொல்லிவிட்டு அவர்களை உள்ளே அழைத்துப் பாதுகாப்பைப் பேசவேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து இருக்கிறதா, இருந்தால் இன்றே யார் அப்புறப்படுத்துவார், மாத்திரை யார் கையில் இருக்கும், இரவில் கூட யார் படுப்பார்? மருந்துச் சீட்டிலும் இது தெரியவேண்டும். அதிக அளவில் ஆபத்தாகும் மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாக எழுதாமல், ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதி, மறுபார்வைக்குத் தேதியும் போட்டிருக்கிறாரா? இரவில் அழைக்க எண் கொடுத்தாரா? மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104, இரண்டும் நாவில் வரவேண்டும்.

எட்டு நிமிடத்தில் இத்தனையும் முடியுமா என்றால், முடியும். முடியாமல் போவது முதல் நான்கு நிமிடத்தைப் பசி, தூக்கம், மலச்சிக்கல் என்று பட்டியல் வாசித்துத் தீர்ப்பவர்களுக்குத்தான். ஸ்டேஷன் வாசலில் ஒட்டும் குறிப்பிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்: “இவருக்கு மனச்சோர்வு என்பது முன்பே உறுதியாகிவிட்டது. தற்கொலை ஆபத்தை மட்டும் மதிப்பிட்டு, அடுத்த நடவடிக்கையை அவரிடம் விளக்குங்கள்.” குறிப்பு மங்கலாக இருந்து மாணவர் தடுமாறினால், அது தேர்வு வைத்தவரின் பிழை.

ஏழு ஏழாகக் கழிப்பது

கவனத்தைச் சோதிக்க 100-லிருந்து 7 கழிக்கச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். அதைச் சரியாகச் செய்பவர்கள் மிகக் குறைவு. “நூறுல ஏழு போனா?” “தொண்ணூத்தி மூணு.” “தொண்ணூத்தி மூணுல ஏழு போனா?” என்று மாணவர் எடுத்துக்கொடுப்பார். அங்கேயே சோதனை கெட்டது. விடையை நினைவில் பிடித்தபடி அடுத்த கழித்தலுக்குப் போவதுதான் சோதனை. அந்த வேலையை நோயாளிக்குப் பதில் மாணவரே செய்துவிடுகிறார். ஒருமுறை விளக்கிவிட்டு, “நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நீங்களே கழிச்சுக்கிட்டே போங்க” என்று விட்டுவிட வேண்டும். 93, 86, 79, 72, 65. வந்த விடையை அப்படியே, எடுத்த நொடிகளோடு எழுதவேண்டும். ஓரிடத்தில் தவறி, அந்தத் தவறான எண்ணிலிருந்து சரியாக ஏழைக் கழித்தால் அது ஒரே பிழைதான்.

பள்ளிக்குப் போகாதவரிடம் 20-லிருந்து 3 போதும். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது அதைவிட நல்லது. மாதங்களைக் கேட்பதானால் சித்திரை, வைகாசி என்று தெரிந்தவரிடம் ஜனவரி, பிப்ரவரி கேட்டு ‘தேறவில்லை’ என்று எழுதுவது அநியாயம். இன்று என்ன மாதம் என்றதற்கு “ஆடி, பதினெட்டு தாண்டிருச்சு” என்று ஒரு பாட்டி சொன்னால் காலம் பற்றிய தெளிவு அவருக்கு முழுதாக இருக்கிறது. மாணவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா, இல்லை ஆகஸ்ட் என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் நொடிக்கு ஓர் எண், ஒரே சீரான குரலில். போன் நம்பர் சொல்வதுபோல இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சொன்னால் நினைவில் வைப்பது எளிதாகிவிடும், அளவு கெடும்.

பழமொழிக்கு விளக்கம் கேட்பதிலும் ஒரு பொறி உண்டு. “யானைக்கும் அடி சறுக்கும்” என்பதை நாலு பேர் பேச்சில் கேட்டுக் கேட்டு விளக்கம் மனப்பாடமாகவே இருக்கும். சிந்தனை குலைந்தவரும் அதைச் சொல்லிவிடுவார். ஒன்று பழக்கமானது, ஒன்று அவ்வளவாகப் புழங்காதது என இரண்டு கேட்கவேண்டும். ‘ஆரஞ்சு, வாழைப்பழம், ரெண்டுக்கும் என்ன ஒத்துமை?’ போன்ற கேள்வியும் சேர வேண்டும். நோயாளியின் விளக்கத்தை வார்த்தை மாறாமல் எழுதவேண்டும். ‘அப்ஸ்ட்ராக்ஷன் இம்பேர்டு’ (உட்பொருளைப் பிடிப்பதில் குறை) என்று மட்டும் எழுதிய கேஸ் ஷீட்டை வைத்துப் பரிசோதகர் எதையும் சரிபார்க்க முடியாது. சிந்தனை ஓட்டத்துக்கும் அப்படியே. நோயாளி பேசியதில் நாலைந்து வரி அவர் மொழியிலேயே இருந்தால்தான் லாங் கேஸில் (ஒரே நோயாளியை விரிவாகப் பார்க்கும் தேர்வில்) அந்தப் பகுதிக்கு மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அடுத்த தேர்வுக்குள் எல்லோரும் எழுதப் பழகிவிடுவார்கள்.

குவாட்டர் கணக்கு

மதுப்பழக்கத்தை ‘அகேஷனல்’, ‘சோஷியல்’ என்று எழுதுவது ஒழியவேண்டும். கணக்குப் போடச் சொல்லுங்கள். குவாட்டர் 180 மி.லி., ஆஃப் 375, ஃபுல் 750. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். 180-ஐ 0.428-ஆல் பெருக்கினால் 77 மி.லி., அதை அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம். ஒரு அளவு 10 கிராம் என்று வைத்தால் ஒரு குவாட்டர் ஆறு அளவு. “தினம் ஒரு கட்டிங் தான் சார்” என்பது 90 மி.லி., அதாவது மூன்று அளவு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டும் சிறு ஸ்டேஷனுக்கு மூன்று நிமிடம் போதும்.

பெரிய ஸ்டேஷன் இப்படி இருக்கலாம். அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து போன்: கால் எலும்பு முறிந்து சேர்ந்த 48 வயதுக்காரர், மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், டிரிப்பைப் பிடுங்குகிறார், சைக்கியாட்ரிக்கு மாற்றிவிடலாமா? எதிர்முனையில் பரிசோதகர். மாணவர் போனிலேயே கேட்கவேண்டியவை: கடைசியாக எப்போது குடித்தார், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை, ஆக்சிஜன், வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, என்னென்ன மருந்து ஓடுகிறது. வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், டெலிரியம் 48 முதல் 72 மணி நேரத்தில். நேரக்கணக்கு பொருந்துகிறது என்பதற்காக எலும்பு முறிவுக்காரரிடம் தலைக்காயத்தையும் கொழுப்புத் துகள் அடைப்பையும் மறந்துவிடக்கூடாது. தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றச் சொன்னால் மதிப்பெண் போகும். சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்காமல் இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெர்னிக்கி (தயாமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பு) என்ற சந்தேகம் வந்தால் தயாமின் 500 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று முறை சிரைவழியே. கல்லீரல் கெட்டிருந்தால், மது விலகலுக்குத் தரும் குளோர்டையசெபாக்சைடுக்குப் பதில் லோராசெபாம். பலர் “ஹாலோபெரிடால் போடுங்க” என்பார்கள். அந்தச் சைக்கோசிஸ் மருந்து வலிப்பை எளிதில் வரவைக்கும், அதைத் தனி மருந்தாகக் கொடுப்பது பிழை. மது விலகலின் தீவிரத்தை அளக்கும் சிஐடபிள்யூஏ-ஏஆர் அளவுகோலில் 10 கேள்விகள், மொத்தம் 67 புள்ளி. இந்த எண்கள் தெரிவதைவிட, நோயாளி பேசிப் பதில் சொல்லக்கூடியவராக இருந்தால்தான் அந்த அளவுகோல் செல்லும் என்று தெரிவது முக்கியம்.

எழுத்துக் கேள்வியை எழுதுவது

“பின்வருவனவற்றுள் லித்தியத்தின் பக்கவிளைவு அல்லாதது எது?” என்பது நினைவாற்றல் சோதனை. அதே அறிவை இப்படிக் கேட்கலாம்: இருதுருவ மனநோய்க்கு லித்தியம் நாளொன்றுக்கு 900 மி.கி. எடுக்கும் 34 வயதுப் பெண். இரண்டு மாதத்துக்கு முன் ரத்த அளவு 0.8. முழங்கால் வலிக்காகப் பத்து நாளாக டைக்ளோஃபெனாக் மாத்திரை. இரண்டு நாளாக வாந்தி, கை பலமாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

வலி மாத்திரை லித்தியத்தை ரத்தத்தில் தேக்கி நச்சாக்கியிருக்கிறது. சரியான விடை: இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, லித்தியம் அளவு, சிறுநீரகம், உப்பு ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்து, நீரேற்றம் தொடங்குவது. உழைப்பு இருப்பது மற்ற நான்கு விடைகளில்தான். ஒவ்வொன்றும் வார்டில் நிஜமாக நடக்கும் ஒரு பிழையைப் பிரதிபலிக்கவேண்டும். ‘புரோப்ரனலால் சேர்ப்பது’ என்பவர் லித்தியத்தின் சாதாரண மெல்லிய நடுக்கத்தையும் நச்சின் முரட்டு நடுக்கத்தையும் பிரிக்கவில்லை. ‘டிரைஹெக்சிஃபெனிடில்’ என்பவர் நடுக்கமென்றால் எக்ஸ்ட்ராபிரமிடல் (சைக்கோசிஸ் மருந்துகளால் வரும் அசைவுக் கோளாறு) என்று பழகிவிட்டவர். ‘அளவைக் குறைத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்வது’ என்பவருக்கு அவசரம் உறைக்கவில்லை. ‘வாந்திக்கு ஊசி’ என்பவர் படத்தின் ஒரு துண்டை மட்டும் பார்க்கிறார். யார் எதைத் தேர்ந்தார் என்பதை வைத்தே அவருக்கு எதைச் சொல்லித்தருவது என்று தெரிந்துவிடும். ‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற விடையை எங்கும் வைக்கவேண்டாம், இரண்டு சரி என்று தெரிந்தாலே அது காட்டிக்கொடுத்துவிடும். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக அமைந்துவிடாமலும் பார்க்கவேண்டும், இந்தத் தவறு கைதேர்ந்தவர்களுக்கும் நேர்கிறது.

லித்தியத்தை எம்.டி. வைவாவில் தொடரலாம். ரத்தம் எப்போது எடுப்பது? கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரத்தில், அளவு மாற்றியபின் 5 முதல் 7 நாள் கழித்து. இரவு மாத்திரை போட்டவர் காலை மாத்திரையையும் விழுங்கிவிட்டு ஓ.பி.க்கு வந்தால் அந்த ரிப்போர்ட்டை என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஓ.பி. பார்த்தவருக்கும் படித்து மட்டும் வந்தவருக்கும் வித்தியாசம் தெரியும்.

சட்டத்தையும் இப்படியே கேட்கவேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு எண்களை ஒப்பிக்கச் சொல்வதில் பயன் குறைவு. “இருபத்தைந்து வயது மகன் வேண்டாம் என்கிறான், அப்பா சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார், நீங்கள் மட்டும் டியூட்டியில்” என்று சூழலைக் கொடுங்கள். மகனுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதை எழுதி வைக்கிறாரா? அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேரம்தான் வரம்பு, அதன் பெயரில் இ.சி.டி. (மின்னதிர்வுச் சிகிச்சை) கொடுக்கமுடியாது. பிரிவு 89-இன்படி சேர்த்தால் 30 நாள் வரைதான், அதுவும் நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் பேச அமர்த்தப்பட்டவரின்) விண்ணப்பத்தின் பேரில், இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு. இது தெரிந்தால் போதும்.

நடிக்க வருபவர்

ரொனால்ட் ஹார்டன் 1975-இல் டண்டீயில் அறிமுகப்படுத்திய ஓஸ்கி முறையில் (ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றிவரும் செய்முறைத் தேர்வில்), மனநல மருத்துவத்துக்கு நோயாளியாக நடிப்பவர்தான் உயிர். வேறு துறை ஹவுஸ் சர்ஜன், செவிலியர் மாணவி, கல்லூரி நாடகக் குழுவினர் யாரும் செய்யலாம். ஸ்கிரிப்டில் பெயர், வயது, தொழில், முதல் வாக்கியம் ஆகியவை அச்சிட்டதுபோல இருக்கவேண்டும். தானாகச் சொல்லவேண்டியவை, கேட்டால் மட்டும் சொல்லவேண்டியவை, எப்படிக் கேட்டாலும் சொல்லக்கூடாதவை என்று மூன்றாகப் பிரிக்கவேண்டும். மேலே சொன்ன தற்கொலை ஸ்டேஷனுக்கு ஸ்கிரிப்டில் இப்படி ஒரு வரி இருந்தே ஆகவேண்டும்: “‘தப்பான எண்ணம் இல்லையே?’ என்று சுற்றி வளைத்துக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று தலைகுனிந்து சொல்லுங்கள். நேராகக் கேட்டால் சிறிது மௌனத்துக்குப் பின் ஒப்புக்கொள்ளுங்கள்.” இந்த வரி இல்லாவிட்டால் நடிப்பவர் இரக்கப்பட்டு எல்லா மாணவருக்கும் தகவலைக் கொடுத்துவிடுவார், ஸ்டேஷன் யாரையும் பிரித்துக் காட்டாது.

ஒரே ஆள் இருபது பேருக்கு அழுதுகாட்ட முடியாது. எட்டு சுற்றுக்குப் பின் ஓய்வு கொடுங்கள், மாற்று ஆள் தயாராக இருக்கட்டும். வேடத்துக்கு ஆள் எடுக்கும்போதே, வீட்டில் அண்மையில் துக்கம் நடந்ததா, இந்த வேடம் மனதைத் தொந்தரவு செய்யுமா என்று தனியே கேட்டு, விலகிக்கொள்ள வழிவிடவேண்டும். முடிந்ததும் அவர்களை அப்படியே பஸ் ஏற்றிவிடக்கூடாது. வேடத்துணியை மாற்றி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, டீ குடித்துப் பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போகட்டும். இதைத் துறையினர் பலர் அலட்சியமாக விடுகிறார்கள், செய்யக்கூடாத அலட்சியம் அது.

சிந்தனைக் குலைவையும் உணர்ச்சி மழுங்கலையும் கேட்டடோனியாவையும் (உடல் உறைந்ததுபோல் ஆகும் நிலை) நடிக்கவைக்க முயலவேண்டாம், எப்படியும் கேலியாக முடியும். இவற்றுக்குச் சம்மதம் தந்த நோயாளியின் வீடியோ வேண்டும். நோய் உச்சத்தில் வாங்கிய கையெழுத்து போதாது. குணமானபின் வீடியோவை அவருக்கே காட்டி, மறுபடி எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். கேட்டடோனியாவில் மாணவரின் கைத்திறனைத் தனியே பார்க்கலாம்: கையை உயர்த்திவிட்டால் அப்படியே நிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பார், ‘கை குடுக்காதீங்க’ என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி என்ன கவனிப்பார், லோராசெபாம் 1 அல்லது 2 மி.கி. சிரைவழி கொடுத்தபின் எத்தனை நிமிடத்தில் மறுபடி பரிசோதிப்பார்.

மதிப்பெண் போடும் இடம்

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று, மொத்த மதிப்பீடு ஒன்று என இரண்டும் வேண்டும். பட்டியல் மட்டும் இருந்தால், அழுதுகொண்டிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கேள்விகளை வரிசையாகச் சுட்டுத்தள்ளுபவர் முதலிடம் வாங்குவார். மொத்த மதிப்பீடு மட்டும் இருந்தால் பரிசோதகரின் விருப்பு வெறுப்பு ஏறிக்கொள்ளும். தேர்ச்சிக் கோட்டை ‘ஐம்பது சதவீதம்’ என்று கண்ணை மூடி வைக்காமல், மொத்த மதிப்பீட்டில் ‘எல்லைக்கோட்டில்’ என்று குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் மதிப்பெண் சராசரியை எடுப்பது நியாயமான வழி. ஆனால் இருபது முப்பது பேர் எழுதும் தேர்வில் எல்லைக்கோட்டில் மூன்று பேர்தான் இருப்பார்கள், ஒருவர் மாறினாலும் கோடு குதிக்கும். அங்கே எல்லோருடைய மதிப்பெண்ணையும் வைத்து ரிக்ரெஷன் கோடு (எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருங்கிப் பொருந்தும் கோடு) போடுவது நிலையாக இருக்கும், எக்செல் தெரிந்தால் போதும்.

‘இதைக் கேட்காவிட்டால் மற்றவை எப்படி இருந்தாலும் தேர்ச்சியில்லை’ என்ற விதியை ஒரு தேர்வில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடங்களில் வைக்கலாம். முன்கூட்டியே எல்லாப் பரிசோதகரும் ஒப்புக்கொண்டு தாளில் அச்சிட்டிருக்கவேண்டும். கோபத்தில் அந்த இடத்திலேயே உருவாக்கப்படும் விதி மாணவருக்குச் செய்யும் துரோகம்.

தேர்வு முடிந்த அன்றே செய்யவேண்டிய ஒன்று உண்டு. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் எத்தனை பேர் விட்டார்கள் என்று எண்ணுங்கள். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் “மாத்திரையை நிறுத்திட்டீங்களா, எப்போதிருந்து, ஏன்?” என்று கேட்கவில்லை என்றால் அது மாணவர்கள் மேல் போடும் பழி அல்ல, வார்டில் அந்தக் கேள்வியை நாம் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. அந்த வரியை மறுநாள் காலை ரவுண்ட்ஸில் முதல் கட்டிலிலேயே, மாணவர்கள் காதுபட, நோயாளியிடம் கேட்கவேண்டும்.